ஸ்ரீ-யில் மாட்டிய புல் ரிக்வெஸ்ட்: ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டில் முடிவெடுக்கும் முறையை அமைப்பது எப்படி

பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த தமிழை யூனிகோடுக்கு, அதாவது இன்றைய கணினிகளின் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றும் சின்ன ஓப்பன் சோர்ஸ் நிரல் (யாரும் எடுத்துப் பார்த்துத் திருத்தக்கூடியது) ஒன்றை நானும் இன்னும் நாலு பேரும் பராமரிக்கிறோம். பாமினி, திஸ்கி என்று அந்தக் காலத்துச் சங்கதிகள் எல்லாம் அதில் உண்டு. ஐந்து பேருக்கும் பகலில் வேறு பிழைப்பு, இது ராத்திரி வேலை. ஒருநாள் ஒரு புல் ரிக்வெஸ்ட் (சுருக்கமாக பிஆர், இந்த மாற்றத்தை உங்கள் நிரலில் சேருங்கள் என்று ஒருவர் அனுப்பும் கோரிக்கை) வந்தது. மொத்தமே நாலு வரி. 'ஸ்ரீ' வரும் இடத்தில் நம் நிரல் ஸ் போட்டு ஆரம்பிக்கிறது, அதை ஶ் ஆக்க வேண்டும் என்கிறார் அனுப்பியவர்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் விஷயம் இருக்கிறது. யூனிகோடில் ஸ்ரீ-யை இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று சேர்ப்பது ஒன்று. 2005-ல் வந்த யூனிகோட் 4.1-ல் ஶ சேர்ந்த பிறகு அதை வைத்துத் தொடங்குவது இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு மட்டும் வேறு வேறு. ஒரு விதத்தில் 'ஸ்ரீரங்கம்' என்று தேடினால் இன்னொரு விதத்தில் அடித்த ஸ்ரீரங்கம் சிக்காது. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் நார்மலைசேஷன் போட்டாலும் சேராது. யூனிகோடே இப்போது ஶ-வைத்தானே பரிந்துரைக்கிறது என்பது ஒரு கட்சி. ஊரில் உள்ள பழைய உரையெல்லாம் ஸ்-ல்தானே கிடக்கிறது, அதோடு ஒத்துப்போக வேண்டாமா என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்.

மூன்று வாரம் ஓடியது. கமென்ட் தொண்ணூறைத் தாண்டியது. கடைசியில் எங்களில் ஒருவர் ராத்திரி பதினொன்றுக்கு அதை மெர்ஜ் செய்துவிட்டு (நிரலில் சேர்த்துவிட்டு) தூங்கப் போனார், இன்னொருவர் காலையில் எழுந்து ரிவர்ட் செய்தார் (பழையபடி ஆக்கினார்), நடுவில் புதிய பதிப்பின் ரிலீஸ் ஒன்று வேறு தானாகப் போய்விட்டது. அந்த ஒருநாள் பதிப்பை வைத்து ஆயிரக்கணக்கான பக்கங்களை மாற்றிய ஒருவருடைய தேடல் அட்டவணை பாதி ஶ், பாதி ஸ் என்று ஆகிப்போனது. அவர் அனுப்பிய அஞ்சலில் திட்டு எதுவும் இல்லை. "இதில் உங்கள் முடிவு எது?" என்று மட்டும் கேட்டிருந்தார். எங்களிடம் பதில் இல்லை.

பேச எங்களிடம் எவ்வளவோ இடம் இருந்தது, பேச்சை முடிக்கத்தான் வழி இல்லை. நிறைய ப்ராஜெக்டுகளில் பங்களிப்பாளர் வழிகாட்டி என்று பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள், கமா எங்கே போடுவது என்பதுவரை இருக்கும், இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்து என்ன என்பது மட்டும் இருக்காது. கவர்னன்ஸ் என்று பெரிய வார்த்தையில் சொல்வதில் முக்கால்வாசி அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். அதை எப்படி எழுதி வைப்பது என்பதற்கு, நாங்கள் செய்தது கொஞ்சமும் பெரிய ப்ராஜெக்டுகள் அடிபட்டுக் கற்றது கொஞ்சமும் சேர்ந்த கலவை இது.

முதலில் இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள்

எடுத்தவுடன் சட்டம் இயற்றாதீர்கள். இப்போது நிஜமாக யார் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். நிரலை வைத்திருக்கும் களஞ்சியமான ரெப்போவின் அட்மின் யார், மெர்ஜ் செய்ய யாருக்கெல்லாம் உரிமை, பேக்கேஜை, அதாவது மற்றவர்கள் நிறுவிக்கொள்ளும் பொதியை, வெளியிடும் கணக்கு யாருடையது, டொமைனுக்குப் பணம் கட்டுவது யார், பாதுகாப்புக் குறை பற்றி அஞ்சல் வந்தால் யார் பெட்டிக்குப் போகும். நாங்கள் போட்டபோது வயிற்றைக் கலக்கியது. மெர்ஜ் உரிமை ஐந்து பேரிடம் இருந்தது, சரி. பேக்கேஜை வெளியிடும் கணக்கோ மூன்று வருடத்துக்கு முன்பே ஒதுங்கிவிட்ட ஒருவருடையது, அவருடைய டோக்கன் என்ற ரகசியச் சாவியில்தான் எல்லா ரிலீஸும் போய்க்கொண்டிருந்தது. டொமைன் என் கிரெடிட் கார்டில். கார்டு காலாவதியாக நாலு மாதம் பாக்கி.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இதற்கென்றே மெயின்டெய்னர்ஸ் என்று ஒரு கோப்பு உண்டு. கெர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் யார் பொறுப்பு, எந்த அஞ்சல் முகவரி, எந்தக் கோப்புகள் அவர் கீழ் வரும் என்று அதில் இருக்கும். எனக்குப் பிடித்தது அதிலுள்ள நிலை என்ற வரி. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் பார்க்கிறார், ஒருவர் பார்த்துக்கொள்கிறார், அவ்வப்போது மட்டும் பார்க்கிறார் என்றெல்லாம் வரும், யாருமே இல்லையென்றால் அநாதை என்றே எழுதிவிடுவார்கள். ஆள் இருப்பதுபோல் காட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். எங்கள் நிரலில் பாமினி பகுதிக்கு அநாதை என்று எழுதிய இரண்டாவது வாரம், புதிதாக ஒருவர் வந்து நான் பார்க்கிறேன் என்றார். அதுவரை அங்கே ஆள் தேவை என்றே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எல்லா முடிவும் ஒரே எடை இல்லை

எழுத்துப்பிழை திருத்தவும் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்று வைத்தால் ஒரு மாதத்தில் ஆள் ஓடிவிடுவார்கள். நாங்கள் மூன்றாகப் பிரித்தோம். திரும்பப் பெறக்கூடியது, யாருக்கும் வலிக்காதது: பக் திருத்தம், டெஸ்ட், ஆவணம். இதற்கு இன்னொருவர் பார்த்தால் போதும். அடுத்தது பயன்படுத்துகிறவர் உணரக்கூடியது: புதிய வசதி, புதிய சார்புநிலை (நம் நிரல் நம்பியிருக்கும் பிறர் நிரல்), வேகத்தைப் பாதிக்கும் மாற்றம். மூன்றாவது, போனால் திரும்பாதது: லைசென்ஸ், நிரல் மாற்றித் தரும் உரையின் வடிவம், இயல்புநிலை (யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் நடப்பது) மாற்றம், ப்ராஜெக்டின் பெயர். ஸ்ரீ பிஆர் நாலு வரிதான் என்றாலும் மூன்றாவது வகை, ஏனென்றால் நிரலை ரிவர்ட் செய்யலாம், மாற்றி வெளியே போன உரையை ரிவர்ட் செய்ய முடியாது. வரிகளை எண்ணி வகை பிரித்ததுதான் நாங்கள் செய்த முதல் தப்பு.

நடு வகைக்கு, ஓப்பன் சோர்ஸ் நிரல்களுக்கான அப்பாச்சி அறக்கட்டளையின் ப்ராஜெக்டுகள் வெகுகாலமாகப் பின்பற்றும் ஒரு முறை இருக்கிறது: மௌனம் சம்மதம். நான் இதைச் செய்யப்போகிறேன் என்று அறிவித்துவிட வேண்டும், குறிப்பிட்ட நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் செய்யலாம். அங்கே வழக்கமாக 72 மணி நேரம் கொடுப்பார்கள், உலகம் முழுக்க ஆள் இருப்பதால் எந்த ஊர்க்காரருக்கும் பார்க்க அவகாசம் கிடைக்கட்டும் என்று. நாங்கள் வார இறுதி ஆட்கள், அதனால் ஏழு நாள் வைத்தோம், அதில் ஒரு சனி ஞாயிறு கட்டாயம் வந்துவிடும். பொங்கல், தீபாவளி வாரத்தில் கடிகாரம் நிற்கும் என்பதையும் சேர்த்தோம். சிரிக்காதீர்கள், ஒருவர் ஊருக்குப் போயிருந்த நாலு நாளில் அவர் எழுதிய பகுதியையே தூக்கிய கதை எங்களிடம் உண்டு.

இதில் சூட்சுமம் ஒன்றுதான்: முடியும் நேரத்தை பிஆர்-இன் முதல் வரியிலேயே போட வேண்டும். "யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" என்று கேட்டால் அது கேள்வியாகவே தொங்கும். "22-ஆம் தேதி ஞாயிறு இரவு 9 மணி வரை மறுப்பு வராவிட்டால் மெர்ஜ் செய்கிறேன்" என்று எழுதுங்கள். பேசாமல் இருப்பவரும் அப்போது பேசுவார்.

லினக்ஸில் நாள்காட்டியே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஒரு பதிப்பு வந்ததும் இரண்டு வாரம் புதிய வசதிகளுக்குக் கதவு திறந்திருக்கும், அப்புறம் மூடிவிடும், அதன் பிறகு வாராவாரம் சோதனைப் பதிப்பும் பிழைதிருத்தமும் மட்டும்தான். ஒன்பது பத்து வாரத்தில் அடுத்த பதிப்பு. தவறவிட்டவர் அழுது புரண்டாலும் அடுத்த கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எப்படியும் இரண்டு மாதத்தில் இன்னொரு வாய்ப்பு வரும் என்பதால் சண்டையின் சூடும் குறைகிறது. ஐந்து பேர் உள்ள இடத்திலும் இதைச் செய்யலாம்.

மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும்

மௌனம் சம்மதம் என்று வைத்தால் மறுப்புக்கு என்ன விலை என்பதையும் வைக்க வேண்டும். அப்பாச்சியில் நிரல் மாற்றத்துக்கு -1 (எதிர்ப்பு வாக்கு) போட்டால் அது வீட்டோ, ஒரே ஆள் போட்டாலும் மாற்றம் நிற்கும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் கூடவே வர வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டோ செல்லாது. "எனக்குச் சரியாகப் படவில்லை" செல்லாது. "இதை மெர்ஜ் செய்தால் 2010-க்கு முன் மாற்றிய கோப்புகளோடு தேடல் ஒத்துப்போகாது, இதோ டெஸ்ட்" செல்லும். இன்னொரு நுணுக்கமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை: ரிலீஸுக்கு அங்கே வீட்டோ கிடையாது. செல்லுபடியாகும் +1 (ஆதரவு வாக்கு) குறைந்தது மூன்று வேண்டும், -1-ஐவிட +1 அதிகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிரலில் தப்பு இருந்தால் ஒருவர் தடுக்கலாம், ஆனால் ஒட்டுமொத்த வெளியீட்டையே ஒரு தனி ஆள் பணயம் வைக்க முடியாது. நன்றாக யோசித்த பிரிப்பு.

எங்கள் கோப்பில் கூடுதலாக ஒரு வரி சேர்த்தோம்: மறுத்தவர், எது நடந்தால் மறுப்பை விலக்கிக்கொள்வார் என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வரி வந்தபின் முரட்டு மறுப்புகள் பாதியாகக் குறைந்தன என்று நினைக்கிறேன், எண்ணிப் பார்க்கவில்லை. என்ன செய்தாலும் விலக்க மாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதுவும் நல்லதே. பேசிப் பயனில்லை, அடுத்த படிக்குப் போக வேண்டியதுதான் என்று தெரிந்துவிடும்.

பெரிய மாற்றமா, தாளில் எழுதுங்கள்

மூன்றாவது வகைக்கு பிஆர் கமென்டில் பேசவே கூடாது. அது சந்தைக்கடை. தனியாக ஓர் ஆவணம் வேண்டும், ரெப்போவிலேயே, எண் போட்டு. பைத்தான் என்ற நிரல் மொழியில் இதற்கு பெப் என்று பெயர், ரஸ்ட் என்ற மொழியில் ஆர்எஃப்சி. ரஸ்ட்டில் பேச்சை முடிப்பதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது: பொறுப்பான குழுவினர் பெரும்பாலும் சரி என்று பெயருக்கு நேரே டிக் அடித்து, தீராத ஆட்சேபமும் இல்லையென்றால் கடைசிக் கருத்துக் காலம் தொடங்கும். பத்து நாள். புதிதாக எதுவும் கிளம்பாவிட்டால் முடிந்தது. பத்து நாளில் முடியப்போகிறது என்று ஊருக்கே தெரிவதால், சொல்ல வேண்டியதை உள்ளே வைத்திருப்பவர்கள் அப்போது வந்து சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் தாள் அவ்வளவு பெரிதில்லை, ஒரு பக்கம். ஸ்ரீ விவகாரத்துக்கு எழுதியதைச் சுருக்கி அப்படியே தருகிறேன்:

"முடிவு எண் 1. ஸ்ரீ எந்தக் குறியீட்டில் வெளிவரும்.
நிலவரம்: இரண்டு வடிவமும் புழக்கத்தில் உள்ளன. நார்மலைசேஷன் இவற்றை ஒன்றாக்காது.
முடிவு: இயல்பாக ஶ். ஸ் வேண்டுவோர் ஒரு ஆப்ஷனில் மாற்றலாம். தேடுபவர்களுக்காக, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் தனி ஃபங்ஷன் ஒன்றும் தருவோம். பெரிய பதிப்பு எண் மாறும்போது மட்டுமே இது வெளிவரும்.
தள்ளிய வழிகள்: உள்ளே வந்தது எப்படியோ அப்படியே விடுவது. பழைய எழுத்துருவில் ஸ்ரீ ஒரே குறியாக வருவதால் 'அப்படியே' என்பதற்கு அர்த்தமே இல்லை.
மறுப்பு: ஒருவர். பழைய கோப்புகளோடு முரண்படும் என்கிறார். அது உண்மை. அதற்காகவே அந்த ஆப்ஷன்.
மீண்டும் திறக்க: யூனிகோடின் பரிந்துரை மாறினால்."

தள்ளிய வழிகள், மறுப்பு என்ற இரண்டு தலைப்பையும் விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து புதிதாக வருகிறவர் அதே யோசனையோடு கட்டாயம் வருவார், அப்போது இணைப்பைக் கொடுத்தால் போதும். தோற்றவருக்கும் தன் வாதம் எழுத்தில் நேர்மையாக இருப்பது பெரிய விஷயம். எங்கள் மறுப்பாளர் அந்தப் பத்தியைத் தானே திருத்திக் கொடுத்தார், அதற்கப்புறம்தான் குரல் தணிந்தது.

கடைசி வார்த்தை யாருடையது

தாள் எழுதியாயிற்று, பேசியாயிற்று, இன்னும் ஒத்துவரவில்லை. இப்போது யார்? இந்த இடத்தில் பெயரோ வழியோ இருந்தே ஆக வேண்டும்.

சின்ன ப்ராஜெக்ட் என்றால் ஒரே ஆள் போதும், வெட்கப்பட வேண்டாம். இரண்டு பேர் எழுதும் நிரலுக்குக் குழு, தேர்தல் என்று போடுவது வேடிக்கை. ஆனால் ஒரே ஆள் என்றால் அவர் களைத்துப்போனால் என்ன என்பதையும் எழுதுங்கள். பைத்தானில் நடந்தது அதுதான். கைடோ வான் ரோசம் 1991-ல் பைத்தானை வெளியிட்டதிலிருந்து கடைசி வார்த்தை அவருடையது. 2018-ல் பெப் 572 வந்தது, ஒரு கணக்கீட்டுக்கு நடுவிலேயே மாறிக்கு மதிப்பு கொடுக்கும் குறி, வால்ரஸ் என்று செல்லப்பெயர். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அவ்வளவு பெரிய ரகளை. அவர் ஏற்றுக்கொண்டார், பெப்பும் நிறைவேறியது, ஆனால் அதே ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி இனி நான் இல்லை என்று எழுதிவிட்டு விலகினார். வாரிசாக யாரையும் சொல்லவில்லை. மக்களாட்சியோ சர்வாதிகாரமோ என்ன வேண்டுமோ நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். எப்படி ஆள்வது என்பதற்கே ஏழு முன்மொழிவுகள் வந்தன, பெப் 8010 முதல் 8016 வரை. ஒரே தலைவர், மூவர் குழு, வெளியாட்கள் குழு என்று வகைவகையாக. டிசம்பரில் வாக்கெடுப்பு, 8016 ஜெயித்தது. ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு 2019 பிப்ரவரியில்தான் வந்தது, கைடோவும் அதில் ஒருவராகத் தேர்வானார். ஆக ஏழு மாதம், உலகமே பயன்படுத்தும் மொழியில் பெரிய மாற்றத்துக்குச் சரி என்று சொல்ல முறைப்படி ஆள் இல்லை. வாரிசு பற்றி முன்பே இரண்டு வரி இருந்திருந்தால் இந்த ஏழு மாதம் மிச்சம். உங்கள் கோப்பில் அந்த இரண்டு வரியை இன்றே எழுதுங்கள்: இவர் இத்தனை நாள் பதில் சொல்லாவிட்டால் முடிவு இன்னாரிடம் போகும்.

அந்தக் குழுவுக்கான விதி பெப் 13-ல் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள், நீளம் குறைவு. குழு தன் அதிகாரத்தை முடிந்தவரை பயன்படுத்தாமல் இருக்க வேண்டும், கருத்தொற்றுமை தேட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் தானே முடிவு செய்யும் குழு பழைய தனி ஆளைவிட மோசம். அது மெதுவாகவும் இருக்கும், யாரையும் கைகாட்டவும் முடியாது.

குழு என்றால் சரிசமமாகப் பிரிந்தால் என்ன? ஒற்றைப்படை எண் வையுங்கள் என்பது எளிய பதில், ஆனால் ஒருவர் வராத நாளில் அது இரட்டைப்படை ஆகிவிடும். லினக்ஸை வைத்துத் தன்னார்வலர்கள் உருவாக்கும் இயங்குதளமான டெபியனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அரசியல் சாசனமே உண்டு, 1998-லிருந்து. கணினி எழுந்ததும் முதலில் ஓடும் நிரலாக எது இருக்க வேண்டும் என்ற தகராறு அவர்களுடைய தொழில்நுட்பக் குழுவுக்குப் போனது. எட்டுப் பேர். போட்டியில் இருந்த நிரல்களில் சிஸ்டம்டி-க்கு நாலு, அப்ஸ்டார்ட்டுக்கு நாலு. 2014 பிப்ரவரியில் தலைவர் தன் தீர்மான வாக்கைப் போட்டார், சிஸ்டம்டி வந்தது. சமமானால் தலைவர் வாக்கு என்று சாசனத்தில் முன்பே இருந்ததால்தான் அது முடிந்தது. கோபம் என்னவோ போகவில்லை. அந்த ஆண்டுக் கடைசிக்குள் குழுவில் சிலர் விலகினார்கள், பிடிக்காதவர்கள் அதைப் பிரதி எடுத்து டெவுவான் என்று தனியாக ஃபோர்க் செய்துகொண்டு போனார்கள். ஆனால் டெபியனின் அடுத்த பதிப்பில் எது இருக்கும் என்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எங்களுடையது: ஐந்து பேர் வாக்கு, குறைந்தது மூன்று பேர் போட வேண்டும், சமமானால் அந்தப் பகுதிக்கு மெயின்டெய்னர்ஸ் கோப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர் சொல்வது. அநாதைப் பகுதி என்றால் மாற்றம் இல்லை. வாக்கெடுப்பு கடைசி வழி, இதுவரை இரண்டே முறைதான் வந்தது, அதில் ஒன்று ஸ்ரீ.

சாவி கொடுப்பதும் வாங்குவதும்

யாருக்கு மெர்ஜ் உரிமை கொடுப்பது என்பதில்தான் ஆட்கள் அவசரப்படுவார்கள். களைப்பு அப்படி. 2018-ல் ஈவென்ட் ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜை (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பகிரும் என்பிஎம் தளத்தில் இருப்பது) அதன் ஆசிரியர் முகம் தெரியாத ஒருவர் உதவுகிறேன் என்றதும் கொடுத்துவிட்டார். வந்தவர் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலை உள்ளே வைத்தார். அதைவிடப் பொறுமையான கதை எக்ஸ்இசட். ஒரே ஆள் பார்த்துவந்த, கோப்புகளைச் சுருக்கும் நிரல், லினக்ஸ் கணினிகளில் எங்கு பார்த்தாலும் இருக்கும். ஒருவர் 2021-லிருந்து ஒழுங்காகப் பேட்ச் (திருத்தம்) அனுப்பி நம்பிக்கை சம்பாதித்தார், இன்னும் சில கணக்குகள் வந்து ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறீர்கள், வேறு ஆளைச் சேருங்கள் என்று அந்தத் தனி ஆளை நெருக்கின, கடைசியில் சாவி கைமாறியது. 2024 மார்ச் 29-ஆம் தேதி ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று தோண்டப்போய், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்கதவு இருப்பதை ஊருக்குச் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டிய இடம்: பின்கதவை எழுப்பிவிடும் துண்டு ரெப்போவில் இல்லை, கையால் தயாரித்த வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. எத்தனை பேர் பிஆர்-களைப் பார்த்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. அதனால் வெளியீடு எப்படி உருவாகிறது என்பது ஏதோ பின்கட்டு வேலை என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் விதியில் வர வேண்டும். ரெப்போவில் பதிப்பைக் குறித்து வைக்கும் டேக்கிலிருந்து இயந்திரமே பொதியைக் கட்டட்டும், ஒருவர் தொடங்க இன்னொருவர் ஒப்புதல் கொடுக்கட்டும், யார் மடிக்கணினியிலிருந்தும் நேராக எதுவும் போக வேண்டாம். வெளியீட்டுக் கணக்கில் இரண்டு பேர், இருவருக்கும் இரட்டை உறுதிப்பாடு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும்). மூன்றாமவர் வேண்டாம்.

படிகளாகவும் பிரிக்கலாம். குபர்னெட்டிஸ் என்ற பெரிய ப்ராஜெக்டில் கோப்புறைகளில் ஓனர்ஸ் கோப்பு இருக்கும், அதில் பார்த்துக் கருத்துச் சொல்பவர் வேறு, ஒப்புதல் கொடுப்பவர் வேறு. புதியவரை முதல் பட்டியலில் போடுவதில் ஆபத்து ரொம்பக் குறைவு, அவருக்கும் மரியாதை.

வாங்குவதும் எழுதப்பட வேண்டும், அதுதான் சங்கடமான பாதி. பெப் 13-ல் இரண்டு ஆண்டாகச் சொல்லும்படி எதுவும் செய்யாதவரிடம் கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் செயல்படாதோர் பட்டியலுக்கு மாற்றலாம் என்று இருக்கிறது. நாங்கள் ஒரு வருடம் வைத்தோம். விதி என்று இருந்தால் அது யாரையும் துரத்துவதாக இருக்காது. பழைய ஆளுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "அண்ணே, விதிப்படி கேட்கிறேன், தொடர்கிறீர்களா? இல்லையென்றால் பெயர் முன்னாள் பராமரிப்பாளர் பட்டியலில் இருக்கும், எப்போது வந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்." அன்று மாலையே டோக்கனை ரத்து செய்துவிட்டு, நல்லவேளை கேட்டாய் என்று பதில் போட்டார்.

இன்னும் இரண்டு

கம்பெனி ஆட்கள் வந்தால் வரவேற்கலாம், ஆனால் இருக்கைக்கு உச்சவரம்பு வேண்டும். பைத்தானின் ஐவர் குழுவில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. குழு அமைத்த நாளில் எல்லோரும் வேறு வேறு இடத்தில் இருந்தாலும், ஆட்களை வேலைக்கு எடுத்தே ஒரு நிறுவனம் பெரும்பான்மை பிடித்துவிடலாம், அதற்காகத்தான். லைசென்ஸும் இதோடு சேர்ந்தது. பங்களிப்பவரிடம் உரிமையை எழுதி வாங்கும் ஒப்பந்தம் வைத்தால் அதை வைத்திருப்பவர் நாளை லைசென்ஸை மாற்றலாம். லினக்ஸில் 2004-லிருந்து ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் ஒரு கையொப்ப வரி மட்டும், இது நான் கொடுக்க உரிமையுள்ள நிரல் என்று. சின்னவர்களுக்கு அது போதும்.

நடத்தைப் புகாரையும் தொழில்நுட்ப முடிவையும் ஒரே ஆட்கள் பார்க்க வேண்டாம். ரஸ்ட்டில் ஒழுங்கைப் பார்க்கும் குழு தனியாகத்தான் இருந்தது, ஆனால் மேலே இருந்த மையக் குழு யாருக்கும் பதில் சொல்லும் நிலையில் இல்லை, எங்களால் அவர்கள்மேல் விதியைச் செலுத்த முடியவில்லை என்று 2021 நவம்பரில் மொத்தமாக விலகினார்கள். பிறகு 2023-ல் அங்கே புதிய தலைமைக் குழு அமைத்து, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் திரும்ப எழுத வேண்டிவந்தது. ஐந்து பேர் உள்ள இடத்தில் தனிக் குழுவுக்கு எங்கே போவது என்றால், வெளியே உள்ள நம்பிக்கையான ஒருவரைக் கேளுங்கள். எங்களுக்கு இன்னொரு ப்ராஜெக்டின் பராமரிப்பாளர் ஒருவர் ஒத்துக்கொண்டார், அவர்களுக்கு நான்.

கடைசியாக, இந்தக் கோப்பையே மாற்றுவது எப்படி என்பதும் கோப்பில் வேண்டும், சாதாரண முடிவைவிடக் கொஞ்சம் கடினமாக. பைத்தானில் போட்ட வாக்கில் மூன்றில் இரண்டு பங்கு. நாங்களும் அப்படியே எழுதினோம். போன மாதம் ஏழு நாளைப் பத்து நாளாக்கலாம் என்று முதல்முறையாக ஒரு திருத்தம் கொண்டுவந்தோம், ஐந்து பேரில் இரண்டே பேர் வாக்குப் போட்டார்கள், குறைந்தது மூன்று வேண்டும் என்ற எங்கள் விதியாலேயே தோற்றது. இப்போதும் ஏழு நாள்தான்.